ஒன்றாம் பக்கம்

ஒன்றுமே இல்லாத ஒரு பக்கத்தை யாராவது திருடுவார்களா? எங்கள் புச்சோ திருடினார். திருடியதோடு விடாமல், மிச்சமான இடத்தில் தன் நன்றியுரையை வேறு அச்சடித்து வைத்தார். கேட்டால், "காலியாத்தானே கிடந்தது" என்கிறார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உள்ளங்கால் வரை எரிகிறது.

புச்சோ என்றால் பிரிவுத் தலைவர். பெயர் இனுகாய். ஆனால் அலுவலகத்தில் யாரும் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். மற்றவர்களுக்குப் பெயரோடு மரியாதையாக ஒரு 'சான்' சேர்ப்போம். என் பெயர் நிஷிமோரி தமாயே, வயது ஐம்பத்தொன்று. ஒசாகாவில் தனிமாச்சி பக்கம் ஓர் இசைத்தாள் பதிப்பகத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். இசையமைப்பாளர்கள் பென்சிலில் கிறுக்கியதையும், கணினியில் கொட்டி அனுப்பியதையும், ஒரு மனிதர் ஸ்டாண்டில் வைத்து வாசிக்கும்படியான தாளாக ஆக்குவது என் பொறுப்பு. "அதான் மென்பொருளே எல்லாம் செஞ்சிடுதே, நீங்க என்ன செய்றீங்க?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மென்பொருள் என்ன செய்யும்? சுரங்களை வரிசையாக அடுக்கும். கோடுகளால் பிரித்த இந்த இசைக்கட்டம் பக்கத்தின் கடைசியில் வருகிறதே, வாசிக்கிறவர் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது எப்படிப் பக்கத்தைத் திருப்புவார் என்று அது யோசிக்குமா? யோசிக்காது. அதற்குக் கை கிடையாது. நான்தான் யோசிக்க வேண்டும். வாசிக்காமல் நிறுத்தும் ஓய்வு வருகிற இடமாகப் பார்த்துப் பக்கத்தை முடிக்க வேண்டும். அந்த இடம் அமையவில்லையென்றால், நடுவில் மடித்த நான்கு பக்கத் தாளில் முதல் பக்கத்தைக் காலியாக விட்டு, இசையை இரண்டாம் பக்கத்தில் தொடங்குவேன். அப்போது இரண்டும் மூன்றும் விரித்த தாளில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். நடுவில் திருப்பவே வேண்டாம். மூன்றின் கடைசியில் நல்ல ஓய்வு இருந்தால், அங்கே நிதானமாகத் திருப்பி நான்காம் பக்கத்துக்குப் போகலாம். அந்தக் காலிப் பக்கத்தில் ஒரு கோடுகூட இருக்காது. ஆனால் மொத்தத் தாளும் அதன் மேல்தான் நிற்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவள் உபுகாத்தா சிசே. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், உடோன் நூடுல்ஸ் தொழிற்சாலை உடுப்போடு, தலையெல்லாம் மாவோடு, எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்து ஒரு ஹார்ன் தாளை என் மேசையில் அடித்து வைத்தாள். ஹார்ன் என்றால் காரில் அடிப்பது இல்லை. பித்தளைக் குழாயைச் சுற்றிச் சுற்றி வளைத்துச் செய்த வாத்தியம்.

"இந்தத் தாளைப் போட்ட புண்ணியவான் யாரு?"

"புண்ணியவதி. நான்தான். என்ன குறை?"

"ஒண்ணும் இல்ல. உங்க கம்பெனியில எல்லாருக்கும் மூணு கையான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவளுடைய வலது சட்டைக் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே மடித்து ஊசி குத்தியிருந்தது.

பத்தொன்பது வயதில் மாவு அழுத்தும் உருளை அவள் கையை இழுத்துவிட்டது. அதுவரை டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவள் ஹார்னுக்கு மாறினாள். "இது எனக்குன்னே செஞ்ச வாத்தியம், அக்கா. விசையெல்லாம் இடக்கைக்குத்தான். வலக்கைக்கு வேலை என்ன? குழாய் வாய்க்குள்ள சொகுசாப் படுத்துக் கிடக்கறது. அந்தச் சோம்பேறி இல்லாட்டி என்ன?" என்றாள். வலக்கைக்குப் பதிலாகக் குழாய் வாயில் ஒரு தோல் மடல் கட்டியிருந்தாள். வாத்தியத்தைத் தாங்க, அமகசாகியில் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி இரும்புத் தாங்கி ஒன்று பற்றவைத்து வாங்கியிருந்தாள். அது அசையும்போதெல்லாம் பழைய கேட் மாதிரி கிறீச்சிடும்.

மற்ற ஹார்ன்காரர்கள் குழாய்க்குள் இருக்கும் கையைச் சட்டென்று உருவி, பக்கத்தைத் திருப்பி, திரும்பச் செருகிவிடுவார்கள். தாளத்தில் அரைத் தட்டு நேரம். சிசே திருப்ப வேண்டுமென்றால் இடக்கையை விசையிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் வாசிப்பு நிற்கும். நான் போட்ட தாளில் பக்கம் முடிகிற இடத்தில் ஓய்வு இரண்டே தட்டு. நான் அவள் முன்னாலேயே செய்து பார்த்தேன். முடியவில்லை. என் கோபம் அப்படியே திரும்பி என் மேலேயே விழுந்தது.

அன்றிலிருந்து எந்த ஹார்ன் தாளாக இருந்தாலும் எனக்கு ஒரு வழக்கம். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு பிரதி எடுத்து மடித்து ஸ்டாண்டில் வைப்பேன். வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வேன். இடக்கை விரல்களால் காற்றில் விசையை அழுத்திக்கொண்டே தட்டு தவறாமல் வாயால் பாடுவேன். இடக்கையாலேயே நிதானமாகத் திருப்ப முடிந்தால்தான் தாள் வெளியே போகும். அலுவலகத்தில் இதற்கு 'நிஷிமோரியின் கோழி அடைகாப்பு' என்று பெயர். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன இலையுதிர் காலத்தில், எங்கள் ஊரின் சம்பளம் தரும் காற்றிசைக் குழுவில் ஒரு ஹார்ன் இடம் காலியானது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அங்கே ஆட்கள் ஓய்வு பெறுவதும் கிடையாது, சீக்கிரம் சாவதும் கிடையாது. தேர்வில் ஒரு சுற்று, முன்பின் பார்த்திராத தாளை வைத்து அப்படியே வாசிப்பது. அதற்கென்றே புதிதாக இரண்டு இசை எழுதச் சொல்லி, ஒன்று தேர்வுக்கு, ஒன்று மாற்றுக்கு என்று, தாள் தயாரிக்கும் வேலையை எங்கள் பதிப்பகத்திடம் கொடுத்தார்கள். முத்திரை வைத்த உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து வெளியே போகக் கூடாது.

சிசே விண்ணப்பித்திருந்தாள். அதை அவளே சொன்னாள். நான் தாள் தயாரிக்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை. அந்த மூன்று வாரம் அவள் அழைத்தபோதுகூட நான் தொலைபேசியை எடுக்கவில்லை. அவளுக்கென்று நான் ஒன்றும் தனியாகச் செய்யவும் இல்லை. எல்லா ஹார்ன் தாளுக்கும் செய்வதைத்தான் செய்தேன். எண்பத்தெட்டு கட்டம், மூன்று பக்கம் இசை. முதல் பக்கம் காலி. இரண்டும் மூன்றும் விரிப்பில். மூன்றின் கடைசியில் ஆறு கட்ட ஓய்வு, அங்கே திருப்பு. அடைகாத்துப் பார்த்தேன், அருமையாக இருந்தது. முடித்துக் கோப்பைக் கொடுத்துவிட்டேன்.

இனுகாய் புச்சோ எங்களிடம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு டைரி, நாட்காட்டி போடும் பிரிவில் இருந்தவர். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நிஷிமோரி-சான், முதல் பக்கம் வெள்ளையா இருக்கே. மறந்துட்டீங்களா?"

"இல்ல புச்சோ. திருப்புறதுக்காக வேணும்னுதான் விட்டிருக்கேன்."

"டைரியில காலிப் பக்கம்னா அர்த்தம் இருக்கு. வாங்குறவங்க அதுல எழுதுவாங்க. இதுல யாரு எழுதப் போறா?"

"யாரும் எழுத வேண்டாம். அது சும்மா இருந்தாலே போதும்."

"சும்மா இருக்கறதுக்கா காகிதம்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

தேர்வு நாள் காலை பத்து மணி. குழுவின் ஒத்திகைக் கூடம். நடுவில் ஒரு கறுப்புத் திரை. ஒரு பக்கம் ஐந்து தேர்வாளர்கள், மறுபக்கம் வாசிப்பவர். யார் வாசிக்கிறார் என்று தேர்வாளர்களுக்குத் தெரியவே கூடாது, எண் மட்டும்தான். வாசிப்பவர் யார் என்று எவராவது ஜாடைமாடையாகச் சொன்னால்கூட அந்த எண்ணை அங்கேயே நீக்கிவிடுவார்கள். இன்னொரு விதியும் உண்டு. தாளில் பிழை என்று தெரிந்தால் அந்தச் சுற்று முழுவதும் ரத்தாகி, எல்லோரும் மாற்றுத் தாளை வாசிக்க வேண்டும். பிழை பற்றிப் பதில் சொல்லத் தாள் தயாரித்த ஆள் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் நான் இருந்தேன். புச்சோவும் புது டை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் வந்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒன்றாம் எண் வாசிக்கத் தொடங்கினார். முப்பதாவது கட்டத்தில், அந்த நீளமான மெட்டு மேலே ஏறுகிற இடத்தில், காகிதம் திரும்பும் சத்தம் கேட்டது. கூடவே, குழாயிலிருந்து கை வெளியே வந்ததால் ஓசை ஒரு கணம் பளிச்சென்று திறந்து மூடியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே திருப்பே கிடையாது. அது விரிப்பின் நடு.

"புச்சோ," என்று காதோரம் கேட்டேன். "தாள்ல கை வெச்சீங்களா?"

"கை எல்லாம் வெக்கல. அந்த வெள்ளைப் பக்கத்தை மட்டும் எடுத்துட்டு ஒவ்வொண்ணா முன்னாடி தள்ளினேன். கடைசிப் பக்கம் மிச்சமாச்சு. அதுல நம்ம கம்பெனியோட நாற்பதாவது ஆண்டு நன்றியுரை. அச்சு நல்லா வந்திருக்கு, பாருங்க" என்று தன் பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் காட்ட வந்தார்.

"மாற்றுத் தாள்லயும்?"

"ரெண்டுலயும்தான். ஒண்ணுல போட்டு ஒண்ணுல விட்டா நல்லாவா இருக்கும்?"

நான் எழுந்தேன். ஆனால் என்னவென்று சொல்வது? ஒரு கை இல்லாத ஒருத்தி வருவாள் என்று சொன்னால் அவளை நானே வெளியே தள்ளியதாகும். திருப்புகிற இடம் மாறிவிட்டது என்று சொன்னால், ஒன்றாம் எண் திருப்பினாரே என்பார்கள். புச்சோ என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இரண்டாம் எண்ணும் திருப்பிவிட்டுப் போனார்.

மூன்றாம் எண் வந்தபோது திரைக்குப் பின்னால் பழைய கேட் ஒன்று கிறீச்சிட்டது.

சிசே வாசித்தாள். எனக்கு இருபத்து நான்கு வருடமாகத் தாளில்தான் வேலை. இசையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் தேர்வாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமைத் தேர்வாளர் குனியெதா, அந்தக் குழுவை நடத்துபவர்; எல்லோரும் ஆசான் என்ற பொருளில் 'சென்செய்' என்பார்கள். அறுபது வயது, சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அவர் பத்தாவது கட்டத்தில் பென்சிலைக் கீழே வைத்தார். இருபதாவது கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முப்பதாவது கட்டம் வந்தது. ஓசை அறுந்தது. தாங்கி கிறீச்சிட்டது, காகிதம் சரசரத்தது, மௌனம். இரண்டு கட்டம். முப்பத்து மூன்றாவது கட்டத்தில் துளி பிசகாமல் உள்ளே வந்து கடைசி வரை வாசித்து முடித்தாள்.

"மூணாம் நம்பர் ரெண்டு கட்டம் விட்டுட்டாங்க" என்றார் ஒரு தேர்வாளர்.

"அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. கவனம் செதறிடுச்சு போல" என்றார் இன்னொருவர். பென்சில்கள் ஓடின.

கவனம் சிதறிடுச்சாம்! புச்சோவின் பையிலிருந்து அந்தப் பிரதியைப் பிடுங்கினேன். முன்பக்கத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு நேராகத் தேர்வாளர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சென்செய், தாள்ல பிழை இருக்கு."

குனியெதா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எந்தக் கட்டம்?"

"கட்டத்துல இல்ல. பக்கத்துல."

"ஒரு சுரம்கூடத் தப்பில்லை!" என்று புச்சோ பின்னாலேயே ஓடிவந்தார். "மூணு பேரு சரிபார்த்திருக்கோம். எனக்காவது இசை தெரியாது, அவங்களுக்குத் தெரியும்."

"கம்ப்யூட்டர் திரையில சரிபார்த்தீங்க, புச்சோ. ஒரு தடவையாவது மடிச்சு ஸ்டாண்டுல வெச்சுப் பார்த்தீங்களா?" என்றேன். பிறகு தாளை மேசையில் வைத்தேன். "இது முன்பக்கம். என்ன எண் போட்டிருக்கு, படிங்க."

குனியெதா குனிந்தார். "ரெண்டு."

"தாளைத் திறங்க."

"மூணு. நாலு."

"ஒண்ணு எங்கே?"

புச்சோ காலிப் பக்கத்தை எடுத்தாரே ஒழிய, மற்றப் பக்கங்களில் நான் போட்டிருந்த எண்களை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. டைரியில் எண் கிடையாதே, தேதிதானே! இரட்டைப்படை எண் முன்பக்கத்தில், அதுவும் மடிப்பை ஒட்டி ஒளிந்துகொண்டிருந்தது.

"சரி," என்றார் குனியெதா. "அந்த ஒண்ணாம் பக்கத்துல என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல, சென்செய்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். புச்சோ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"ஒண்ணும் இல்லாத பக்கம் விட்டுப்போனா அது பிழையா, நிஷிமோரி-சான்?"

எனக்கு வந்ததே கோபம். "நீங்க நடத்துற இசையில, ஒரு சுரமும் இல்லாத ஓய்வுக் கட்டத்தை ஒருத்தர் வெட்டி எறிஞ்சா சிரிப்பீங்களா? 'இங்கதான் ஒண்ணும் இல்லையே, ஏன் வெச்சிருக்கே'ன்னு கேப்பீங்களா? உங்களுக்கு அந்த ஓய்வு எப்படியோ எனக்கு இந்தப் பக்கம் அப்படி. இதை எடுத்ததும் திருப்புற இடம் முழுக்க மாறிப்போச்சு. நான் திருப்பறதுக்குன்னு வெச்ச ஆறு கட்ட ஓய்வு இப்ப விரிப்புக்கு நடுவுல சும்மா கிடக்கு. மெட்டு ஏறுற இடத்துல காகிதத்தை நீட்டுறோம்."

சிரிப்பு நின்றது. ஆனால் மேசையின் ஓரத்தில் இருந்தவர் விடவில்லை. "ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் திருப்பிட்டாங்களே? மூணாம் நம்பர் தடுமாறினா அது தாளோட தப்பா?"

சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. 'அவளுக்கு' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் கதை முடிந்திருக்கும். அதை விழுங்கிக்கொண்டு, தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.

"சென்செய், மூணாம் நம்பரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தாளைப் பத்தித்தான் பேசறேன். இதை நீங்களே சத்தமாப் படிங்க. எங்க புச்சோ எழுதினது."

குனியெதா படித்தார். "'உங்கள் ஒவ்வொரு விரலுக்கும் துணையாக நாற்பது ஆண்டுகள். வாசகர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.'"

"அதுக்குக் கீழ. சின்ன எழுத்துல."

"'பக்கம் விடுபட்ட, பக்கம் மாறிய பிரதிகளை மாற்றித் தருவோம்.'"

எங்கள் நாட்டில் அந்த வரி இல்லாத புத்தகம் கிடையாது. யாரும் படிப்பதில்லை, பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். புச்சோவும் டைரியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்.

"இந்தப் பிரதியில ஒரு பக்கம் விடுபட்டிருக்கு," என்றேன். "அதுல என்ன இருந்ததுன்னு அந்த வரி கேக்கல. விடுபட்டா மாத்தித் தருவோம்னு எங்க கம்பெனியே கையெழுத்துப் போட்ட மாதிரி எழுதி வெச்சிருக்கு. மாத்திக் குடுங்கன்னு கம்பெனியோட ஆளா நானே கேக்கறேன்."

புச்சோவின் முகம் அவித்த இறால் மாதிரி சிவந்தது. குனியெதா சென்செய் கொஞ்ச நேரம் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு தடவை தன் வலக்கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டு இடக்கையால் மட்டும் திருப்பிப் பார்த்தாரா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

"சுற்று ரத்து," என்றார். "மாற்றுத் தாளைத் திறங்க."

"மாற்றுத் தாளும் இதே கதிதான், சென்செய். ஆனா ரெண்டு பிரதியை அடுத்தடுத்து வெச்சா போதும். ஒண்ணுல முன்பக்கம், இன்னொண்ணுல விரிப்பு. மூணு பக்கமும் கண்ணு முன்னாடியே இருக்கும். யாரும் எதையும் திருப்ப வேண்டாம்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு பிரதியா?" என்று புச்சோ முனகினார். "வீண்தானே?" அப்போதும் அவருக்குக் காகிதக் கவலைதான்.

தேர்வுக்கு வந்திருந்த ஒன்பது பேரும் மாற்றுத் தாளை முதலிலிருந்து வாசித்தார்கள். சிசே நன்றாக வாசித்தாள். ஆனால் முதல் தாளில் கேட்டது திரும்ப வரவில்லை. பன்னிரண்டாவது கட்டத்தில் உச்ச சுரம் உடைந்தது, எல்லோருக்கும் கேட்டது. இடம் ஆறாம் எண்ணுக்குப் போயிற்று. அவரும் நல்ல வாசிப்புக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன். சிசே இரண்டாவது. அங்கே இரண்டாவதுக்கு இடம் கிடையாது.

முடிவு சொன்ன பிறகு திரையை விலக்கினார்கள். சிசே குனிந்து தாங்கியை மடித்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர்கள் அவள் சட்டைக் கையைப் பார்த்தார்கள். 'கவனம் சிதறிடுச்சு' என்றவர் தன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். குனியெதா சென்செய் போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "முதல் தாள்ல பத்தாவது கட்டத்துலயே பென்சிலை வெச்சுட்டேன். முப்பதாவது வரைக்கும் கேட்டப்போ, இதுக்கு மேல ஆளைத் தேட வேண்டாம்னு தோணிடுச்சு. ஆனா ரத்தானதுக்கு மார்க் போட முடியாதே."

அவர் நகர்ந்ததும் புச்சோ வந்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அடடா, இப்படி ஒருத்தர் வருவாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, அவங்களுக்குன்னு ஸ்பெஷலா ஒரு தாள் போட்டிருக்கலாமே!"

"ஸ்பெஷலா?" என்று நான் கத்தியது வாசல் வரை கேட்டிருக்கும். "நான் போட்டதுதான் தாள், புச்சோ! எல்லாருக்குமான தாள். ஒத்தைக் கையோ ரெட்டைக் கையோ, யாரு வந்தாலும் வாசிக்கலாம். ரெண்டு கை இருக்கறவங்களுக்குன்னு ஸ்பெஷலா ஒண்ணு போட்டது நீங்கதான்!"

"இவ்வளவு ரகளை பண்ணியும் அவங்க ஜெயிக்கலையே" என்றார். அவ்வளவுதான் அந்த மனிதர்.

சாயங்காலம் அமகசாகி ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் தாகோயாகி கடையில், ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் உருண்டைகளோடு, சிசேயோடு நின்றேன். ஹார்ன்காரர்கள் உதடு சுட்டுவிடும் என்று தாகோயாகியை ஆறவைத்துத்தான் தின்பார்கள். அவள் கொதிக்கக் கொதிக்க ஒன்றை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடி பாவி, உதடு!"

"கிடக்கட்டும். இன்னிக்கு அதுக்குத் தண்டனை. பன்னெண்டாவது கட்டத்துல என்னைக் கவுத்துடுச்சே!" ஊதி ஊதி மென்றாள். "அக்கா, ஒண்ணு சொல்லவா? பதினாலு வருஷமா எத்தனையோ இடத்துல என்னை வேண்டாம்னு அனுப்பியிருக்காங்க. எல்லாம் கைக்காக. இன்னிக்குத்தான் முதல் தடவையா, நான் வாசிச்சது சரியில்லைன்னு அனுப்பியிருக்காங்க. நல்லாத்தான் இருக்கு."

"ஒரு மண்ணும் நல்லா இல்ல. முதல் தாளை உன்னால தடையில்லாம முடிக்க முடிஞ்சிருந்தா அந்த இடம் உன்னுது."

"யாரு சொன்னா?"

குனியெதா சொன்னதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கையிலிருந்த குச்சியை அவள் தட்டில் வைத்தாள். இரண்டு ரயில் வந்து போயிற்று.

"அந்த முப்பது கட்டம் வாசிச்சது நான்தானே?" என்றாள் கடைசியில். "அதை யாரும் ரத்து பண்ண முடியாதுல்ல?" பிறகு ஹார்ன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "ஒன்பது வருஷம் கழிச்சு அடுத்த ஆளு ரிட்டயர் ஆவாரு. அதுவரைக்கும் நீங்க அந்த நாற்காலியில இருங்க, அக்கா. உங்க புச்சோவை நம்பி என்னால வாசிக்க முடியாது."

அவள் மனசு பெரிசு. என் மனசு அப்படி இல்லை.

திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு. வாடிக்கையாளர் முன்னிலையில் சொந்தக் கம்பெனியின் தயாரிப்பைக் குறை சொன்னதற்காக மன்னிப்பு அறிக்கை எழுதித் தர வேண்டுமாம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்வேன் என்று மூன்று பக்கத்துக்குக் குறையாமல். எங்கள் ஊரில் மன்னிப்புக்கும் ஒரு வடிவம் உண்டு. எழுதினேன். இருபத்து நான்கு வருட வேலைக்காரி, வடிவம் தவற மாட்டேன். ஓரம் விட்டு, வரி பிசகாமல், பக்க எண் போட்டு, அச்செடுத்து, மடித்து, இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து கொடுத்தேன்.

புச்சோ வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்தார். அது இரண்டு. திறந்து பார்த்தார்; மூன்று, நான்கு. பின்பக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் இல்லை.

"நிஷிமோரி-சான், ஒண்ணாம் பக்கம் எங்கே?"

"அதை நீங்கதான் எடுத்துட்டீங்களே, புச்சோ" என்றேன்.